இக்னாரஸ்: எதை அறியாதவர்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அக்கம்பக்கத்து உதவி பற்றி வந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது ஒரு லத்தீன் வரியைச் சேர்த்திருந்தேன்: ‘நோன் இக்னாரா மாலி, மிசேரிஸ் சுக்குர்ரேரே டிஸ்கோ.’ ரோமக் கவிஞர் வெர்ஜில், கார்த்தேஜ் அரசி டைடோ சொல்வதாக எழுதிய வரி இது. அதில் வரும் ‘இக்னாரா’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. சொத்து, உயில், ஓய்வூதியக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை முழு இடத்தையும் இந்தச் சொல்லுக்கே கொடுக்கிறேன்.

அம்மா, நீங்கள் எழுதிய சொல்லைப் பேத்தியிடம் கொடுத்து அகராதியில் பார்க்கச் சொன்னேன். ‘அறிவில்லாத’ என்று இருக்கிறதாம். ஓர் அரசி தன்னைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லை ஏன் எடுக்க வேண்டும்? சரியான பொருள் என்ன?
*வாசகி, சாட்ஸ்வர்த்*

அகராதி ஒரே சொல்லில் பொருள் சொல்லும்போது இப்படி ஆகிவிடுகிறது. இக்னாரஸ் என்றால் ‘அறியாத’. ஆணைக் குறித்தால் இக்னாரஸ், பெண்ணைக் குறித்தால் இக்னாரா. அறிவில்லாதவர் வேறு, அறியாதவர் வேறு. ‘அவர் அறியாதவர்’ என்று யாராவது சொன்னால் நாம் உடனே ‘எதை?’ என்றுதானே கேட்போம்? லத்தீனிலும் பெரும்பாலும் அந்த ‘எதை’ பக்கத்திலேயே நிற்கும். நாம் அங்கே இரண்டாம் வேற்றுமையைப் போடுகிறோம், அவர்கள் ஆறாம் வேற்றுமையைப் போடுகிறார்கள். இக்னாரஸ் லேகிஸ் என்றால் சட்டத்தை அறியாதவன். இக்னாரஸ் வியாய் என்றால் வழியை அறியாதவன். இக்னாரா மாலி என்றால் துன்பத்தை அறியாதவள்.

டைடோ அதன் முன்னால் ‘நோன்’ போடுகிறாள். ‘துன்பத்தை அறியாதவள் அல்ல நான், அதனால் துன்பப்படுகிறவர்களுக்குக் கை கொடுக்கக் கற்றுக்கொள்கிறேன்’ என்பது முழு வரி. அவள் யாரென்று தெரிந்தால் வரியின் கனம் புரியும். இன்றைய லெபனான் கரையில் இருக்கும் தீர் நகரத்துப் பெண் அவள். சொத்துக்கு ஆசைப்பட்டு உடன்பிறந்தவனே அவள் கணவனைக் கொன்றுவிட்டான். கிடைத்த பொருளையும் கூட வரத் துணிந்தவர்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவின் வடகரைக்கு வந்து புதிதாக ஒரு நகரம் கட்டுகிறாள். நகரம் இன்னும் கட்டி முடியவில்லை. அப்போது டிராய் போரில் எல்லாம் இழந்தவர்கள் புயலில் சிக்கி அதே கரையில் வந்து ஒதுங்குகிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் இந்த வார்த்தையைச் சொல்கிறாள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தச் சந்திப்புக்கு முன்பே டிராய்க்காரர்களின் தலைவன் ஏனியாஸ், சோர்ந்துபோன தன் ஆட்களிடம் ‘இதற்கு முன் துன்பங்களை நாம் அறியாதவர்களா?’ என்ற பொருளில் பேசுகிறான். அங்கேயும் இதே சொல், பன்மையில்: இக்னாரி. அடைக்கலம் தேடி வருகிறவனும் அடைக்கலம் கொடுக்கிறவளும் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கு முன்பே ஒரே சொல்லால் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். வெர்ஜில் இதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

எதிர்மறையை இரட்டிப்பாக்கிப் பேசுவது நமக்கும் பழக்கம்தான். ‘எனக்குத் தெரியாமல் இல்லை’ என்று சொன்னால் ‘நன்றாகவே தெரியும்’ என்பதுதானே பொருள்? ரோமர்களின் பேச்சிலும் எழுத்திலும் ‘நோன் இக்னாரஸ்’ அந்த மாதிரி அடிக்கடி வரும்.

நான் சட்டம் படித்தது டர்பன் துறைமுகத்தில் இருக்கும் சாலிஸ்பரி தீவில், இந்தியர்களுக்கென்று 1961-ல் திறந்த கல்லூரியில். படகேறிப் போவோம். அந்தக் காலத்தில் சட்டத்தொழிலுக்குப் போகிறவர்கள் லத்தீன் படித்தே ஆக வேண்டும். அட்வகேட் ஆவதற்கு லத்தீன் வேண்டும் என்ற விதி 1990-களின் நடுவில்தான் நீங்கியது. டைடோவின் வரியை வகுப்பில் நடத்தியபோது எனக்கு என் ஆயா ஞாபகம்தான் வந்தது. டர்பன் நகராட்சியின் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பராக்ஸில் வாழ்ந்து, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் எல்லோரையும் கலைத்தபோது சாட்ஸ்வர்த்துக்கு வந்தவர். கேட்டோ மேனரிலிருந்தோ வேறு எங்கிருந்தோ துரத்தப்பட்ட ஒரு குடும்பம் எதிர்வீட்டில் சாமான் இறக்கினால், அவர்கள் என்ன மொழி, என்ன மதம் என்று விசாரிக்காமல் சோறும் பருப்பும் கீரையும் கொண்டுபோய் வைப்பார். ‘வந்த அன்னைக்கு அடுப்பு மூட்ட முடியாது, எனக்குத் தெரியும்’ என்பார். அவர் சொன்ன ‘எனக்குத் தெரியும்’தான் டைடோ சொன்ன ‘நோன் இக்னாரா’. பேத்தியிடம் இதைச் சொல்லுங்கள். அகராதியில் அவள் பார்த்த சொல்லைக் காட்டிலும் இது அவளுக்கு நன்றாகப் புரியும்.

இக்னாரஸ், இக்னாருஸ், இஞ்ஞாருஸ் என்று ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். எது சரி?
*மாணவர், ஃபீனிக்ஸ்*

மூன்றும் வழக்கில் இருப்பவைதான். ஆங்கில வாய்க்கு இக்னாரஸ். தேவாலயத்தில் பாடும் லத்தீனில் அந்தக் கூட்டெழுத்து ஞகரம் போல ஒலிக்கும், அதனால் இஞ்ஞாருஸ். சிசரோ காலத்து ரோமில் அது ‘ங்ன’ என்று ஒலித்திருக்க வேண்டும் என்பது மொழி ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. அப்படியானால் இங்னாருஸ். ஆங்கிலத்தில் இந்த இரண்டு ஒலிக்கும் தனி எழுத்துக் கிடையாது, நமக்கு ங, ஞ இரண்டும் இருப்பதால் எழுதிக் காட்டுவது சுலபம். எப்படிச் சொன்னாலும் அழுத்தம் நடுவில் உள்ள ‘னா’வில் விழ வேண்டும். தேர்வுக்கு உங்கள் ஆசிரியர் எந்த முறையைப் பின்பற்றுகிறாரோ அதையே பின்பற்றுங்கள்.

இக்னாரஸ் என்பதும் நம் அஞ்ஞானம் என்பதும் ஒரே மாதிரி இருக்கின்றன. உறவு உண்டா, தற்செயலா?
*வாசகர், டோங்காட்*

உறவு உண்டு. உங்கள் காதைப் பாராட்டுகிறேன். லத்தீனில் ‘க்னாரஸ்’ என்றால் அறிந்தவன். அதன் முன்னால் ‘இன்’ என்ற எதிர்மறை முன்னொட்டு சேர்ந்து, இரண்டு மெய்கள் மோதுகிற இடத்தில் ஒரு னகரம் விழுந்து, இக்னாரஸ் ஆயிற்று. சமஸ்கிருதத்தில் ‘ஜ்ஞா’ என்பது அறிதலின் வேர். அதன் முன்னால் ‘அ’ சேர்ந்தால் அஜ்ஞானம், தமிழில் அஞ்ஞானம். வேரும் உறவு, முன்னொட்டும் உறவு. கிரேக்கத்தில் ‘க்னோசிஸ்’ அதே குடும்பம். அறிதலுக்கான ஆங்கிலச் சொல்லை எழுதும்போது முன்னால் வாய் திறக்காமல் ஒரு ‘கே’ நிற்கிறதே, அது அந்தப் பழைய ககரத்தின் மிச்சம்.

ஆனால் இங்கே ஓர் எல்லைக்கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஞானம் நமக்கு சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல். நம் சொந்த வேர் ‘அறி’. அது திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது, லத்தீனுக்கும் அதற்கும் உறவில்லை. கட்டும் முறையே வேறு. அவர்கள் மறுப்பை முன்னால் ஒட்டுகிறார்கள், நாம் வேருக்குப் பின்னால் வைக்கிறோம்: அறி, ஆ, மை. தமிழிலிருந்துதான் லத்தீன் வந்தது என்று சொல்லும் காணொளிகளை எனக்கு அனுப்பிவைக்கும் வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அப்படிச் சொல்லித் தமிழைப் பெரிதாக்கத் தேவையில்லை.

க்னாரஸ் என்ற சொல்லிலிருந்து இன்னொரு சொல்லும் பிறந்திருக்கிறது, எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. ‘நர்ராரே’: கதை சொல்லுதல், விவரித்தல். ஒருவரை அறிந்தவராக ஆக்குவது என்பதுதான் அதன் அடிப்படை. நாம் அறி என்பதிலிருந்து அறிவி என்று ஆக்கிக்கொள்கிறோமே, அதே போக்கு. ஆக, ஒருவர் இக்னாரஸாக இருக்கிறார் என்றால் அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்றுகூட அதை எடுத்துக்கொள்ளலாம். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், வெருளம் அண்ணாவின் கடிதத்துக்கு வரும்போது மறுபடி தேவைப்படும்.

இன்ஸ்கியஸ், நெஸ்கியஸ், இம்பெரிடஸ், ரூடிஸ் என்றெல்லாம் பாடத்தில் வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஆசிரியர் ஒரே பொருள்தான் சொல்கிறார். எப்போது எதைப் போடுவது?
*கல்லூரி மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

எல்லைகள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதால் ஆசிரியர் சொல்வதும் முழுத் தவறல்ல. கவிஞர்கள் யாப்புக்காக ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுவிடுவார்கள். இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வு உண்டு.

இன்ஸ்கியஸ் பெரும்பாலும், ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கும்போது அது தெரியாமல் இருப்பவரைக் குறிக்கும். ‘மே இன்ஸ்கியோ’ என்றால் ‘எனக்குத் தெரியாமல்’. இதற்கும் டைடோவிடமே போகலாம். துன்பத்தை அறியாதவள் அல்ல என்று சொன்ன அதே பெண், அன்று இரவு விருந்தில் ஏனியாஸின் மகன் என்று நினைத்து ஒரு சிறுவனை மடியில் வைத்துக் கொஞ்சுகிறாள். அவன் உருமாறி வந்த காதல் தெய்வம். எவ்வளவு பெரிய தெய்வம் தன் மடியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அங்கே கவிஞர் போடும் சொல் ‘இன்ஸ்கியா’. வாழ்க்கையில் அடிபட்டு அறிந்தவளுக்கு அந்த ஒரு கணத்தில் நடப்பது தெரியவில்லை. இரண்டு சொற்களையும் ஒரே காண்டத்தில் ஒரே பெண்ணுக்குப் போட்டிருப்பதால், வித்தியாசத்தை மனதில் வைக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நெஸ்கியஸ் அறியாததையும் குறிக்கும், இயலாததையும் குறிக்கும். ஹோரஸ் என்ற கவிஞர் டிராய் போரின் கிரேக்க வீரன் அக்கிலிஸை ‘விட்டுக்கொடுக்கத் தெரியாதவன்’ என்கிறார். நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? அவனுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது என்றால், கற்றுக்கொடுத்தால் வந்துவிடும் என்று அர்த்தமில்லை, அது அவன் சுபாவத்திலேயே கிடையாது. இந்த நெஸ்கியஸ் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், முதலில் ‘முட்டாள்’ என்று பொருள்பட்டு, பிறகு வெட்கப்படுகிறவர், நுணுக்கம் பார்க்கிறவர் என்று மாறி மாறி, கடைசியில் நாம் எதற்கெடுத்தாலும் சொல்லும் ‘நைஸ்’ ஆகிவிட்டது.

இம்பெரிடஸ் என்றால் பழக்கமோ தேர்ச்சியோ இல்லாதவர். சட்டம் படிப்பவர்கள் இதை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘இம்பெரிடியா குல்பாய் அட்னுமெராதுர்’ என்பது ரோமச் சட்டத்தின் விதி: தேர்ச்சியின்மை தவறாகவே எண்ணப்படும். தெரியாத வைத்தியத்தைச் செய்த வைத்தியரும், கோவேறு கழுதைகளை அடக்கத் தெரியாமல் வண்டியோட்டி ஆளை மோதியவரும் அங்கே உதாரணங்கள். வேலையை ஏற்றுக்கொண்டபின் ‘எனக்குத் தெரியாதே’ என்று சொல்லித் தப்ப முடியாது.

ரூடிஸ் என்பது இன்னும் செதுக்காத கல், பதப்படாத மண். மனிதருக்குச் சொன்னால் பயிற்சி பெறாதவர். அவ்வளவுதான்.

தமிழ் மாணவர்களுக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன். குறளில் கல்லாமை 41-ஆம் அதிகாரம், பேதைமை 84, புல்லறிவாண்மை 85. வள்ளுவர் இவற்றை ஒரே கூடையில் போடவில்லை. படிக்காதவன், நல்லது கெட்டது பிரிக்கத் தெரியாதவன், கொஞ்சம் தெரிந்துகொண்டு எல்லாம் தெரியும் என்பவன் என்று மூன்று பேர் தனித்தனி. லத்தீனில் கல்லாதவனுக்கு இன்டோக்டஸ், மூடனுக்கு ஸ்டுல்டஸ் என்று வேறு சொற்கள் இருக்கின்றன. இக்னாரஸை இந்த இருவர் தலையிலும் கட்டாதீர்கள்.

இக்னோரேமஸ் என்று ஒருவரைத் திட்டுகிறார்களே, அதன் பன்மை இக்னோரேமியா?
*வாசகர், லேடிஸ்மித்*

இல்லை. அது பெயர்ச்சொல்லே கிடையாது, வினைமுற்று: ‘நாங்கள் அறியோம்’. முன்பு இங்கிலாந்தில் ஒரு குற்றச்சாட்டை விசாரணைக்கு அனுப்பப் போதிய ஆதாரம் இல்லை என்று கிராண்ட் ஜூரி என்ற குடிமக்கள் குழு கருதினால் மனுவின் பின்புறம் இந்தச் சொல்லை எழுதிக் கொடுப்பார்கள். 1615-ல் ஜார்ஜ் ரகிள் என்பவர் எழுதிய லத்தீன் நாடகம் ஒன்றை கேம்பிரிட்ஜில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன் நடித்தார்கள். அதில் வரும் வழக்கறிஞனின் பெயர் இக்னோரேமஸ். அதற்குப் பிறகு அது வசைச்சொல்லாகப் பரவியது. ஆதாரம் போதாதபோது ‘எங்களுக்குத் தெரியாது’ என்று ஒரு ஜூரி எழுதிக் கொடுப்பது நல்ல விஷயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தங்கச்சி, என் பேரன் நம் குடும்பத்தின் கப்பல் பதிவைத் தேடிக் கண்டுபிடித்தான். எண், பேர், தகப்பன் பேர், வயது, கிராமம் எல்லாம் இருக்கிறது. சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் அவன் உங்கள் பகுதியையும் படித்துவிட்டு, ‘தாத்தா, இவங்க எல்லாம் இக்னாரஸ், ஒண்ணும் தெரியாம கைநாட்டு வெச்சு மாட்டிக்கிட்டாங்க’ என்கிறான். மனசு கேட்கவில்லை. அவனுக்கு என்ன சொல்வது?
*வாசகர், வெருளம்*

அண்ணா, பேரனைக் கோபிக்காதீர்கள். பதிவேட்டைத் தேடிப் போனவன் அக்கறையுள்ள பிள்ளை. அவன் சொன்ன சொல்லும் தப்பில்லை, அதோடு சேர வேண்டிய ‘எதை’யை மட்டும் விட்டுவிட்டான். அதைச் சேர்த்து அவனோடு உட்கார்ந்து பேசுங்கள்.

1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் நேட்டால் பகுதியின் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதிலும் அதற்குப் பின் வந்த கப்பல்களிலும் ஏறியவர்கள் எதை அறியாமல் ஏறினார்கள்? நேட்டால் எங்கே இருக்கிறது என்று அறியவில்லை. கரும்புத் தோட்டத்து முதலாளி யார் என்று அறியவில்லை. முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி என்றால், அந்த ஊர் விலையில் அது எவ்வளவு தாங்கும் என்று அறியவில்லை. இதெல்லாம் அவர்களுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? ஆள் பிடிக்க வந்த ஏஜெண்டு சொல்லியிருக்க வேண்டும், கைநாட்டு வாங்கிய அதிகாரி சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் விட்டதை, கேட்க வழியில்லாதவர்களின் குறையாகப் பேசுவது நியாயமில்லை. ‘கைநாட்டு’ என்பதை வசைச்சொல்லாக நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோம். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

அவர்கள் எதை அறிந்திருந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். மண்ணைப் பார்த்து என்ன விளையும் என்று சொல்லத் தெரிந்தவர்கள். கோவில் கட்டத் தெரிந்தவர்களும், கூத்தும் பாட்டும் மனப்பாடமாக வைத்திருந்தவர்களும், பிரசவம் பார்க்கத் தெரிந்த பெண்களும் அவர்களில் இருந்தார்கள். எழுத்து ஒன்று மட்டும்தான் அறிவு என்று வைத்துக்கொண்டால் இவையெல்லாம் கணக்கில் வராது.

வெர்ஜில் உழவர்களைப் பற்றி எழுதிய நூலின் தொடக்கத்தில், ‘வழி அறியாத உழவர்கள்மீது என்னோடு சேர்ந்து இரக்கம் கொள்’ என்று ரோம ஆட்சியாளர் சீசரைக் கேட்கிறார். அங்கே வருவதும் இக்னாரஸின் பன்மைதான். ஏளனம் துளியும் கிடையாது. அறியாதவர்களுக்கு வழி காட்டுவது ஆள்கிறவனின் வேலை என்பதுதான் அந்த வரியின் நியாயம்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ‘அறியாத’ என்பதோடு ‘அறியப்படாத’ என்றும் சில ஆசிரியர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். சல்லஸ்ட் என்ற வரலாற்றாசிரியர், ஸ்பெயினிலிருந்து கடல் வழியாக வந்து ஆப்பிரிக்காவில் குடியேறிய ஒரு கூட்டத்தைப் பற்றிப் பழங்கதை ஒன்றை எழுதியிருக்கிறார். மரம் கிடைக்காததால் தாங்கள் வந்த கப்பல்களின் அடிப்பாகத்தைக் கவிழ்த்துவைத்து அதையே குடிசையாக்கிக்கொண்டார்களாம். எதிர்க்கரையோடு வியாபாரம் செய்யவும் முடியவில்லை. காரணம் பெரிய கடல், ‘இக்னாரா லிங்குவா’. அறியப்படாத மொழி. யார் யாருடைய மொழியை அறியவில்லை என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. இரண்டு பக்கத்துக்கும் அது பொருந்தும். நேட்டாலில் நம் ஆட்களுக்கு ஆங்கிலம் தெரியாது. முதலாளிக்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும்தான் அறியாதவர்கள் என்று பதிவு செய்தார்கள்.

1894-ல் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து, ரத்தம் வழிய டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். காந்தியிடம் ஒரு தமிழ் எழுத்தர் இருந்தார். அவர் மூலம்தான் நடந்தது தெரிந்தது. பாலசுந்தரத்துக்குச் சட்டப் பிரிவு எதுவும் தெரிந்திருக்காது. யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்திருந்தது. வேறு முதலாளியிடம் மாற்றிக் கொடுத்தார்கள். அந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவி மற்றத் தொழிலாளர்களும் வரத் தொடங்கினார்கள் என்று காந்தியே எழுதியிருக்கிறார்.

மூன்று பவுன் வரியையும் அவனுக்குச் சொல்லுங்கள். 1895-ல் நேட்டால் அரசு சட்டம் போட்டது: ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் இங்கேயே இருப்பவர் ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். புதிதாக வந்தவரின் கூலியில் ஆறு மாதம். பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கும் அதை நீட்டினார்கள். 1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து பெண்கள் சிலர், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். தொழிலாளர் குடியிருந்த லைன்களில் உட்கார்ந்து, இந்த வரி எப்படி வந்தது, அதை எப்படி எதிர்க்கலாம் என்று சுரங்கத் தொழிலாளர்களிடம் தமிழிலேயே பேசினார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியது, கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. 1914-ல் வரி ஒழிந்தது. டோங்காட் வாசகருக்குச் சொன்ன நர்ராரே இதுதான், அண்ணா. அறியாதவர்கள் என்று எழுதி வைக்கப்பட்டவர்களுக்கு யாரோ உட்கார்ந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பேரன் பதிவேட்டோடு சேர்த்துத் தேடட்டும். உங்கள் குடும்பத்திலும் அந்த வேலைநிறுத்தத்தில் நின்றவர் யாராவது இருக்கலாம்.

அக்கா, என் மருமகன் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். அதற்கு ஒரு லைசென்ஸ் வேண்டும் என்று தெரியாது என்கிறான், அபராதச் சீட்டு வந்துவிட்டது. ‘சட்டம் தெரியாது என்பது மன்னிப்பு ஆகாது’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?
*வாசகி, லெனேஷியா*

அந்த வாக்கியம் லத்தீனிலிருந்து வந்ததுதான். ரோமச் சட்டத் தொகுப்பில் ‘சட்டத்தையும் நடந்ததையும் அறியாமை பற்றி’ என்று ஒரு தனித் தலைப்பே உண்டு. நடந்ததை அறியாமல் செய்தால் பாதகமில்லை, சட்டத்தை அறியாமல் செய்தால் பாதகம் என்பது பொது விதி. ஆனால் ரோமர்களே அதற்கு விலக்கு வைத்தார்கள். 25 வயது நிரம்பாதவர்களுக்குச் சட்டம் தெரியாமல் இருக்கலாம் என்றார்கள், சில விஷயங்களில் பெண்களுக்கும். பெண்களுக்கு அவர்கள் சொன்ன காரணம், பெண்ணினத்தின் பலவீனம். அதை நான் ஏற்கவில்லை. இருந்தாலும், எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்ள முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நம் நாட்டின் பொதுச் சட்டம் ரோமன்-டச்சு வழியில் வந்தது. காந்தி லண்டனில் ரோமச் சட்டத்தை லத்தீனிலேயே படித்தார், அது பின்னால் தென்னாப்பிரிக்கச் சட்டத்தைப் புரிந்துகொள்ள மிகவும் உதவியது என்று எழுதியிருக்கிறார். அந்தச் சட்டத்தில் இந்தப் பழைய வாக்கியம் 1977 வரை செல்வாக்கோடு இருந்தது. அந்த ஆண்டு டி ப்ளோம் என்ற வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. வெளிநாடு புறப்பட்ட ஒரு பெண்மணி, அனுமதி வாங்காமல் பணமும் நகையும் எடுத்துப் போனதாகக் குற்றச்சாட்டு. பணத்துக்கு அனுமதி வேண்டும் என்று தெரியாது என்றதை நீதிமன்றம் நம்பவில்லை, அந்தத் தண்டனை நின்றது. நகைக்கும் அனுமதி வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டு அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. இத்தனை சட்டங்கள் பெருகிவிட்ட காலத்தில் எல்லோருக்கும் எல்லாச் சட்டமும் தெரியும் என்று அனுமானிக்க முடியாது என்றது. எனக்குத் தொழிலில் மிகவும் பிடித்த தீர்ப்புகளில் ஒன்று இது. ‘சட்டம் தெரியாதவரா?’ என்று மொத்தமாகக் கேட்பதை விட்டுவிட்டு, ‘எந்தச் சட்டம் தெரியாது, ஏன் தெரியவில்லை?’ என்று கேட்க அது வழி செய்தது.

அதனால் மருமகன் தப்பிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டுமென்றே செய்திருந்தால்தான் குற்றம் என்று ஒரு சட்டம் சொன்னால், உண்மையிலேயே அறியாமல் செய்ததை எதிர்வாதமாக வைக்கலாம். கவனக்குறைவே போதும் என்று ஒரு சட்டம் சொன்னால், விசாரித்திருக்க வேண்டாமா என்று கேட்பார்கள். ஒரு குறிப்பிட்ட தொழிலில் இறங்குகிறவர் அந்தத் தொழிலுக்கான சட்டத்தை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதையும் அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. சாப்பாட்டுக் கடை வைப்பவர் உணவுக் கடை விதிகள் தெரியாது என்றால் எடுபடுவது கஷ்டம்.

சீட்டில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். கடை எப்போது தொடங்கினார், தொடங்கும் முன் நகராட்சியில் யாரிடமாவது கேட்டாரா, என்ன பதில் வந்தது, அதற்குக் கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ இருக்கிறதா என்று தேதிவாரியாக எழுதச் சொல்லுங்கள். லைசென்ஸுக்கு இன்றே விண்ணப்பம் போடட்டும், ரசீதைப் பத்திரமாக வைக்கட்டும். கட்ட வேண்டிய கடைசித் தேதிக்குள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். கையில் பணம் இல்லையென்றால் அரசின் லீகல் எய்ட் அலுவலகத்திலோ பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்திலோ போய் ஆலோசனை கேட்கலாம்.